மாமா கடலை அதட்டிய தை அமாவாசை

என் தாய்மாமா கடலை அதட்டித் தண்ணீர் திறக்க வைத்தார் என்ற கதை காமயகவுண்டன்பட்டியில் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், திராட்சைத் தோட்டத்தில் கொத்து அறுத்துக்கொண்டே சொல்கிறார்கள். போன மாதம் கம்பத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், அந்தப் படகில் தானும் இருந்ததாகவே அளந்துகொண்டு வந்தார். எனக்குத் திரும்பி ஒரு வார்த்தை கேட்கலாம்போல இருந்தது. அந்தப் படகில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் நான்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். முதலில் நாள். ஆடி அமாவாசை என்று பலரும் சொல்கிறார்கள். அது தவறு. இரண்டாம் போகத்து நாற்று நட்டு, பயிர் வேர் பிடித்திருந்த சமயம் அது. அப்படியானால் தையாகத்தான் இருக்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் ஊர் ஊராக உட்கார்ந்து எழுந்த அதே வாரம், குடியரசு தினத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. நான் ஏழாம் வகுப்பு. காய்ச்சல் என்று பொய்யாக லீவு கேட்டு அம்மாவே கைப்பட எழுதிக் கொடுத்தாள். அடுத்தது படகு. நீலப் படகு என்கிறார்கள். சிவப்பு. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஆற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரை வாய்க்காலில் முறை வைத்து விட்டார்கள். இந்த மடைக்கு இந்த நாள் என்று கணக்கு. மாமாவின் வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்தது. தலைப்பில் இருக்கிறவர்கள் குடித்து, குளித்து, வரப்பு நனைத்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. ஆகவே மாமாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தாம்: தலைமடைக்காரர்கள், கடைமடைக்காரர்கள். பேருந்தில் முன்னால் இடம் பிடித்தவனைக்கூட அவர் தலைமடைக்காரன் என்றுதான் சொல்லுவார்.

அவருக்கு வந்த முறை அமாவாசையும் அதற்கு மறுநாளும். அதே அமாவாசையில் ராமேஸ்வரத்தில் அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. மாமா போக மாட்டேன் என்றார். என் அப்பாதான், மடையில் தான் நிற்பதாகச் சொல்லி அவரை வேனில் ஏற்றி அனுப்பினார். மாமா, அவர் மனைவியான என் அத்தை, அம்மா, நான். வழியில் பாலம் வந்தபோதெல்லாம் மாமா இருக்கையிலிருந்து எழுந்து, கீழே தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தார். எல்லாப் பாலத்துக்கும் கீழே மணல்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ தன் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி உச்சுக்கொட்டி உட்கார்ந்தார்.

ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“இம்புட்டுத் தண்ணியும் ஒருத்தனுக்கும் ஆகாமக் கெடக்கு பாரு ஆத்தா” என்றார் என்னிடம். அவர் குரலில் இருந்தது பக்தி இல்லை. கோபம்.

பிண்டம் கரைத்துவிட்டுக் கரையேறிய நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. தண்ணீர் மடைக்கு வந்துவிட்டது, வயலில் விழ ஆரம்பித்துவிட்டது. மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் இட்லி வாங்கித் தந்தார். எனக்கு ஒரு சங்கு. அத்தை இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவள். வழியில் கடலோரத்தில் அலையாத்திக் காடு ஒன்று இருக்கிறது, மரப்பலகைப் பாதையில் காட்டுக்குள் நடக்கலாம், கயாக் என்று ஒரு சின்னப் படகில் நாமே துடுப்புப் போட்டுப் போகலாம் என்று போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தாள். “புள்ள ஆசப்படுதுல்ல” என்று பழியை என் மேல் போட்டாள். நானும் ஆசைப்பட்டேன்தான். மற்ற நாளாக இருந்தால் மாமா வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார். அன்று வயலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“போவோம்லே, இன்னைக்கு என்ன கேட்டாலும் உண்டு” என்றார்.

பூங்காவின் வாசலிலிருந்தே அறிவிப்புப் பலகைகள் வைத்திருந்தார்கள். நான் ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தேன். இது சுரபுன்னை, இது வெண்கண்டல், இவை மூச்சுவேர்கள். ஒரு பலகையில் ஓதத்தைப் பற்றி எழுதியிருந்தது: கடல்நீர் நாள்தோறும் ஓடைகளுக்குள் ஏறும், பிறகு இறங்கும், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். இதை நான் மூன்று பேருக்கும் கேட்கும்படி படித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அம்மா சேறு படாமல் புடவையைத் தூக்கிப் பிடிப்பதில் இருந்தாள். அத்தை மரத்தில் சாய்ந்து நின்று தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா பாதையோரத்துச் சேற்றில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து, இதில் நாற்று விட்டால் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பலகைப் பாதை அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நண்டு தன் உடம்பளவு பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டி எங்களைக் கூப்பிட்டது. விரல் நீள மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்தித் தத்திப் போனது. மாமா குழந்தைபோல என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“மீனு நடக்குதுடி! எங்கன போகுது அது?”

“சேத்துல வாழுற மீன் மாமா. பலகையில போட்டிருக்கு.”

“தண்ணியில்லாட்டியும் பொழைக்குதா? கெட்டிக்காரன். நம்ம ஆளு.”

பாதையின் முடிவில் ஒரு கோபுரம். அதன் மேல் ஏறித்தான் மாமா கெட்டார். காடு முழுவதும் கீழே தெரிந்தது. கடலிலிருந்து ஓர் அகல ஓடை உள்ளே வந்தது. அதிலிருந்து சின்ன ஓடைகள் கிளை பிரிந்தன. அவற்றிலிருந்து இன்னும் சின்னவை. மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். பிறகு விரல் நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது பெரிய வாய்க்கால். இது கிளை. அதோ அது நம் கடைமடை. அச்சு அசலாக நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது, எவனோ விவரம் தெரிந்தவன் வெட்டியிருக்கிறான் என்றார். இது யாரும் வெட்டியதல்ல, தண்ணீரே உண்டாக்கிக்கொண்டது என்று நான் சொன்னேன். பலகையில் அதுவும் போட்டிருந்தது.

“தானா வாய்க்கா வெட்டிக்கிருமாக்கும்” என்று சிரித்தார்.

படகுத் துறையில் எங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டிவிட்டவள் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அத்தையின் வயதிருக்கும். அதட்டும் குரல். அம்மா கயாக்கைப் பார்த்ததுமே, அது சோப்பு டப்பாவின் மூடிபோல இருக்கிறது என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை அந்தப் பெண்ணோடு முன்னால் ஒரு படகில் போனாள். பின்னால் சிவப்புப் படகில் மாமாவும் நானும். கிளம்பும்போதே அந்தப் பெண் திரும்பிச் சொன்னாள்.

“அண்ணே, ஏம் பின்னாலயே வாங்க. சின்ன ஓடைக்குள்ள திரும்பிராதீக. வத்துற நேரம்.”

மாமா தலையை ஆட்டினார். அவர் எல்லோருக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

முதலில் நன்றாகத்தான் போனோம். மாமா வயலில் மண் வெட்டுகிற வேகத்தில் துடுப்புப் போட்டதில் நான் தெப்பமாக நனைந்தேன். இரண்டு பக்க மரங்களும் தலைக்கு மேல் கூடிக்கொண்டன. நாரைகள் எங்களை மதிக்காமல் நின்றன. அப்போது இடது கைப் பக்கம் ஒரு சின்ன ஓடை வந்தது. அதிலிருந்து தண்ணீர் சலசலவென்று பெரிய ஓடைக்குள் ஓடி வந்துகொண்டிருந்தது. ஓடும் தண்ணீரைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். இது எங்கிருந்து வருகிறது, அங்கே யார் இருக்கிறார்கள்? மாமா துடுப்பை ஊன்றிப் படகை அந்தப் பக்கம் திருப்பினார்.

“அந்த அக்கா போகக் கூடாதுன்னாங்க மாமா.”

“தலைப்பு வரைக்கும் போயிப் பாத்துட்டுத் திரும்பிருவோம். இந்தா இருக்கு.”

தலைப்பு வரவேயில்லை. ஓடை குறுகிக்கொண்டே போனது. தண்ணீர் எங்களுக்கு எதிரே ஓடி ஓடிக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வளைவில் படகின் அடி சேற்றில் உரசியது. இன்னும் இரண்டு துடுப்பு. படகு நின்றுவிட்டது. மாமா துடுப்பால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். துடுப்புத்தான் சேற்றுக்குள் இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடையின் நடுவில் கயிறு மாதிரி ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் மெலிந்து, படகைச் சுற்றி வெறும் சேறு மின்னியது.

மாமா வேர்களைப் பார்த்தார். முழங்கால் உயரம் வரைக்கும் அவை ஈரமாக இருந்தன. அதற்கு மேலே காய்ந்திருந்தன. அந்த ஈரக் கோட்டை விரலால் தொட்டார். வாய்க்கால் கரையில் நின்று அவர் இப்படித் தொட்டுப் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கோடு ஈரமாக இருந்து தண்ணீர் கீழே இருந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“அடைச்சுட்டான்.”

“யாரு மாமா?”

“யாரோ! மேல எவனோ ஷட்டரை இறக்கிட்டான். பாரு, கோடு காயல. இப்பத்தேன் அடைச்சிருக்கான். ஆள் உள்ள போனதைப் பாத்துட்டே அடைச்சிருக்கான்னா அவன் எப்பேர்ப்பட்ட பய!”

நான் விளக்கினேன். ஏழாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். இது கடல் தண்ணீர். இன்றைக்கு அமாவாசை. சந்திரன் இழுக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, பிறகு ஏறும்.

“சந்திரனுக்கும் தண்ணிக்கும் என்னடி சம்பந்தம்? நம்ம வாய்க்கால்ல அமாவாசைக்கு அமாவாசை தண்ணி கூடுதா? கூடுச்சுன்னா நான் ஏன் இப்படி நாயாட்டம் அலையப் போறேன்?”

பிறகு எழுந்து நின்றார். கயாக்கில் எழுந்து நிற்கக் கூடாது. சேற்றில் புதைந்திருந்ததால் அது கவிழவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, காட்டைப் பார்த்துக் கத்தினார்.

“ஏலே! எவன்லே அடைச்சது? இங்கன ஆளு இருக்கோம்லே! திறந்துவிடுங்கலே!”

மரங்களிலிருந்து நாரைகள் கூட்டமாக எழுந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. பார்ப்பதற்கு யாரும் இல்லை என்பது பெரிய நிம்மதி. அவர் நிறுத்தவில்லை. அடைத்தவனின் தகப்பனைப் பற்றியும் அவன் பிறப்பைப் பற்றியும் நான் இங்கே எழுத முடியாத சிலவற்றைச் சொன்னார். கடைமடைக்காரன் என்றால் இளப்பமா, எங்கள் பயிர் பயிரில்லையா, உங்கள் வீட்டில் மட்டும்தான் உலை கொதிக்குமா என்று கேட்டார். ஒரு பயிரும் இல்லாத அந்தச் சேற்றுக் காட்டில் நின்று கேட்டார்.

தூரத்தில் மரங்களுக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

“அண்ணே! எறங்கிராதீக! சேறு ஆளை முழுங்கிரும்! அப்படியே இருங்க, தண்ணி ஏறவும் வாறேன்!”

“இவளும் தலைமடைக்காரிதேன்” என்று மாமா முணுமுணுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். ஷட்டரைத் தேடி நடந்தே போகிறாராம். நான் அவர் மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஒரு காலை வெளியே வைத்தார். கால் போய்க்கொண்டே இருந்தது. கணுக்கால், முழங்கால், தொடை. அவர் முகத்திலிருந்த கோபம் சட்டென்று அணைந்ததை நான் மிகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி விட்டது. அவர் படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்தார். நான் இரண்டு கையாலும் பட்டையை இழுத்தேன். விட்டால் மாமா போய்விடுவார் என்று நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். அழுதுகொண்டே இழுத்தேன். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, படகின் மேல் குப்புறப் படுத்து, பல்லி மாதிரி ஊர்ந்து ஒருவழியாக உள்ளே வந்து விழுந்தார். அந்தக் காலின் செருப்பு வரவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கும்.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பட்டையை நான் இன்னும் விடவில்லை. பயம் முழுவதும் கோபமாக மாறியது. பலகையில் எழுதியிருந்தது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது, படகுக்காரப் பெண் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லியும் கேட்காமல் இப்படிச் சாகப் பார்த்தாரே என்று ஆத்திரம். அழுகையோடு கத்தினேன்.

“சும்மா உக்காந்திருந்தாப் போதும் மாமா! தானா வரும்!”

அவர் கை மேலே போனது. மாமா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. ஆனால் கை மேலே போனது, அங்கேயே நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

“நீயும் அதையே சொல்றியா?” என்றார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு ஏன் அப்படி ஒரு பார்வை? வெயில் உச்சியிலிருந்து சாயத் தொடங்கியது. சேற்றில் நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொடுக்கை ஆட்டின. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுநடுவே நினைத்துக்கொண்டதுபோல, “ஏலே!” என்று ஒரு சத்தம் மட்டும் போடுவார். பதில் வராது.

வெகுநேரம் கழித்து ஓடையின் நடுவில் ஒரு கோடு நகர்ந்தது. முன்பு வந்த திசைக்கு எதிர்த் திசையில், கடல் பக்கமிருந்து, நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. படகின் பக்கத்தைத் தொட்டது. வேர்களில் ஏறியது. படகு மெல்ல அசைந்து, மாடு எழுந்திருப்பதுபோல ஒரு பக்கமாக எழுந்து நின்றது. நான் மாமாவைப் பார்த்தேன். இப்போது ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

“கேட்டுருச்சு பாத்தியா?” என்றார் அவர். “ஒரு சத்தம் போட்டாத்தேன் வழிக்கு வருவாய்ங்க.”

எனக்கு ஏற்பட்ட கோபத்தை அளந்து சொல்ல என்னிடம் இன்றும் சொல் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று காட்டினேன். மேலே திறந்திருந்தால் மேலேயிருந்துதானே வரவேண்டும்? அவர் அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து நன்றாகவே பார்த்தார். அவருக்குத் தெரியாத தண்ணீர் கிடையாது. எதிர்த் திசையில் ஏறிவரும் தண்ணீரைப் பார்த்த அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது என்று சத்தியம் செய்வேன். ஆனால் அதை விட்டுவிட்டுத் துடுப்பைக் கையில் எடுத்தார். அதற்குள் அந்தப் பெண் படகோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அத்தை அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஒங்களைத் திரும்பாதீகன்னு சொன்னேனா இல்லையா? என்ன மனுசன்யா நீங்க! பச்சப்புள்ளையக் கூட்டிக்கிட்டு!”

“நீ அடைக்கச் சொன்னா நாங்க என்ன செய்வோம் தாயி?” என்று மாமா சிரித்தார்.

கரையில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, உடனே முதுகில் ஒன்று வைத்தாள். நான் செய்யாத குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே அடி அதுதான். கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்த பிறகுதான் மாமாவின் போனில் சிக்னல் வந்தது. வந்தவுடனே அது அடித்தது. அப்பா. காற்றில் மாமா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

மத்தியானமே தண்ணீர் நின்றுவிட்டது என்றார் அப்பா. பாதி வயல்தான் நனைந்திருக்கிறது. தலைப்பில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. அங்கே நிலம் வைத்திருக்கிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

“என்ன சொல்றாய்ங்க?” என்று மாமா கேட்டார்.

“போன முறை சொன்னதேன் மச்சான். ஏன் பறக்குறீக, சும்மா உக்காந்திருங்க, தானா வரும்ங்கிறாக.”

மாமா போனைக் கீழே இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். அப்பாவும் அதையே சொல்கிறார், இப்போதாவது நான் சொன்னது சரி என்று மாமா உணர்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல மாமா?” என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அத்தை என் தொடையில் கிள்ளினாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

வேன் மதுரையைத் தாண்டியது. உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது மாமா ஒற்றைச் செருப்போடு இறங்கினார். டீக்கடைக்காரர், இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டார். அங்கேதான் அந்தக் கதை பிறந்தது. கடலில் எவனோ ஷட்டரை இறக்கிவிட்டதும், தான் எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டதும், அடித்துப் பிடித்துக்கொண்டு அவன் திறந்துவிட்டதும். டிரைவர் சிரித்தார், டீக்கடைக்காரர் சிரித்தார், அம்மாகூடச் சிரித்தாள். நான் இடையில் புகுந்து, அது ஓதம் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆண்டிபட்டியில் சொன்னபோது படகு நீலமாகிவிட்டது. தேனியில் சொன்னபோது அவர் சேற்றில் இடுப்புவரை இறங்கி நின்றே கத்தியதாக ஆகிவிட்டது. தொடை வரைக்கும்தான் என்று நான் திருத்தினேன். “சரி, தொடை வரைக்கும்” என்று அவர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, அடுத்த ஊரில் மறுபடி இடுப்பு என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் வயலுக்கு ஓடினேன். பாதி வயல் கறுத்து மினுங்கியது. மறுபாதியில் வெடிப்புக்குள் என் கை நுழைந்தது. மடை ஓரத்தில் கடைமடைக்காரர்கள் எல்லோரும் குந்தியிருந்தார்கள். யாருடைய முகத்திலும் களையில்லை. தலைப்புக்குப் போய்க் கேட்கலாம் என்று ஒருவரும் போய் என்ன ஆகப்போகிறது என்று ஒருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். போன முறை போனவர்களை உட்கார வைத்துச் சிரித்தார்களாம். அதற்கு முந்தின முறை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம். அப்போது மாமா வந்தார். ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடல் கதையை ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டத்தில் கம்பத்து ராவுத்தர் ஒருவர் இருந்தார். உரக்கடை வைத்திருந்தார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. அவரும் மாமாவும் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கதை முடிந்ததும் அவர்தான் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்றவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ராவுத்தர் துண்டை உதறி எழுந்தார்.

“அப்ப என்ன மாப்ள? கடலுக்கே கேட்டிருக்கு. அங்கன கட்டில் போட்டு உக்காந்திருக்கிறவய்ங்களுக்குக் காது செவிடா? ஏறுங்கய்யா டிராக்டர்ல. இன்னைக்கு எவனும் உக்காரக் கூடாது, எவனும் டீ குடிக்கக் கூடாது. நின்னமேனிக்குக் கத்துறோம்.”

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு டிராக்டரின் டிரெய்லர்களில் ஏறினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பொய்யை நம்பிக்கொண்டு இத்தனை பெரியவர்கள் கிளம்புகிறார்களே! நான் வரப்பில் ஏறிக் கத்தினேன். பொய், மாமா கத்தினதால் வரவில்லை, அது ஓதம், அமாவாசை, தண்ணீர் தானாகத்தான் வந்தது. ராவுத்தர் டிரெய்லரிலிருந்து என்னைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தை உண்டாக்கியது. இவரையும் ஏமாற்றிவிட்டார்களே என்று டிராக்டருக்குப் பின்னாலேயே ஓடினேன்.

அன்று மாலைக்குள் எங்கள் வயலின் மறுபாதியும் நனைந்தது. அடுத்த முறையில் மறுபடி அடைத்தார்கள், மறுபடி போனார்கள். நெல் முழுசாக வரவில்லை, வந்தவரைக்கும் அறுத்தோம். இந்தக் கணக்கெல்லாம் சரி. சும்மா உட்காருங்கள், தானாக வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து சொன்னவர்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அன்று எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. என் கோபம் முழுவதும் மாமா மேல்தான் இருந்தது.

பல வருஷம் கழித்து ராவுத்தர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அவருடைய மூத்த மகளை நான் பிறப்பதற்கு முன்பே கீழக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார். மாதம் தவறாமல் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர் அவர். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவருக்கு நான் படித்த பலகையைவிட நன்றாகவே தெரியும். அதெல்லாம் தெரியாமல், டிராக்டர் கிளப்பிய புழுதிக்குள் நின்று, யாருமே நம்பியிராத ஒரு பொய்யை மறுத்து, தொண்டை கட்டும்வரை நான் கத்திக்கொண்டிருந்தேன்.